ஈரம் படிக்கட்டில், விரிசல் கீசரில்: ஒரு கேரவன் நீர்க்கசிவின் நிகழ்வு ஆய்வு

போடிநாயக்கனூரில் நிறுத்தி வைத்து, போடிமெட்டு வழியாகக் கேரளப் பக்கம் ஏறி இறங்கும் ஒரு சுற்றுலாக் கேரவனில் எட்டு மாதமாகத் தீராத நீர்க்கசிவு. டெம்போ டிராவலர் ரகச் சேஸின் மேல் கட்டிய வண்டி. நான்கு பேர் படுக்கலாம். சினிமாப் படப்பிடிப்பில் மட்டுமே பார்த்துப் பழகிய கேரவன், 2021-இல் கேரள அரசு ‘கேரவன் கேரளா’ கொள்கையை அறிவித்த பிறகு இடுக்கி மலைச் சாலைகளிலும் கண்ணில் படத் தொடங்கியது. வண்டி பெருகிய அளவுக்கு அதன் குழாய் வேலை தெரிந்த கைகள் பெருகவில்லை. வீட்டு பிளம்பருக்கு வண்டியின் அசைவு புதிது. வண்டி மெக்கானிக்குக் குழாய் புதிது. இந்த வண்டியில் நேர்ந்த தவறுகள் பெரும்பாலும் அந்த இடைவெளியில் நேர்ந்தவை.

புகார் மூன்று. கதவோரப் படிக்கட்டின் மேல் வினைல் விரிப்பு உப்பியிருக்கிறது. மிதித்தால் ஓரத்தில் நீர் பிதுங்குகிறது. உள்ளே பூஞ்சை வாடை. மூன்றாவதை டிரைவர் பிளம்பரிடம் சொன்னார்: “அண்ணே, ராத்திரி எல்லாக் குழாயும் மூடித்தான் இருக்கு. பம்பு மட்டும் தானா ஒரு உறுமு உறுமிட்டு அடங்குது.” முதல் இரண்டும் விளைவுகள். மூன்றாவதுதான் துப்பு. அது எதைச் சொல்கிறது என்று எட்டு மாதம் யாரும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

வண்டியின் குழாய் அமைப்பு

பின் படுக்கைக்கு அடியில் 150 லிட்டர் நல்ல தண்ணீர்த் தொட்டி. அதை ஒட்டி 12 வோல்ட் டயாஃப்ரம் பம்பு: நிமிடத்துக்கு 11 லிட்டர் தள்ளும், அழுத்தம் 3 கிலோவைத் தொட்டால் தானே நிற்கும், 2 கிலோவுக்கு இறங்கினால் தானே ஓடும். கிலோ என்று இங்கே சொல்வதெல்லாம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற அழுத்தக் கணக்கு. தொட்டியிலிருந்து பம்பு வரை வலை போட்ட ஹோஸ். பம்பைத் தாண்டினால் சுவருக்குள் அரை இஞ்ச் சிபிவிசி, வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய். 10 லிட்டர் கீசர் பின்பக்கம், கழிவறைத் தடுப்பின் மேல். அதிலிருந்து 2.6 மீட்டர் வெந்நீர்க் குழாய் முன்னால் இருக்கும் சிங்க் வரை ஓடுகிறது. கழிவறையில் வெந்நீரையும் குளிர்நீரையும் கலக்கும் ஷவர் மிக்சர், விசையை அழுத்திக் கழுவும் ஹெல்த் ஃபாசெட். வெளியே கால் கழுவ ஒரு குழாய். முகாம்களில் வெளித் தண்ணீரை நேரடியாக மாட்டிக்கொள்ள, பம்புக்கு அப்பால் ஒரு வாய். அதற்குத் தனி என்ஆர்வி, அதாவது நீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு.

இதற்கு முன் செய்த வேலைகளையும் பார்த்தாக வேண்டும். படிக்கட்டில் ஈரம் என்பதால் மழைத் தண்ணீர் என்று முடிவு கட்டி, கதவு ரப்பர் பீடிங்கை மாற்றி இரண்டு முறை சிலிக்கான் பூசியிருந்தார்கள். பம்பு உறுமுகிறது என்று புதுப் பம்பு போட்டார்கள். புதுப் பம்பும் உறுமியது. சிங்க் அடியில் இருந்த இணைப்புகளை எபாக்சி புட்டியால் மூடியிருந்தார்கள். ஈரமான இணைப்பின் மேல் பூச்சு சரியாகப் பிடிக்காது. உள்ளே அழுத்தம் இருக்கிற குழாயில் வெளிப்பூச்சு சில நாள் தாங்கலாம், அதற்கு மேல் தாங்காது. போதாக்குறைக்கு அடுத்து வருகிறவரின் கண்ணையும் அது மறைத்துவிடும்.

எப்போது நனைகிறது

கசிவைத் தேடும்போது எங்கே ஈரம் என்று கேட்பதைவிட எப்போது ஈரம் என்று கேட்பது பலன் தரும். மழை பெய்தால் மட்டும் என்றால் கூரை, ஜன்னல், கதவு. குழாயைத் திறந்து பயன்படுத்தும்போது மட்டும் என்றால் கழிவுக் குழாய் பக்கம்: சிங்க் வேஸ்ட் கப்ளிங், பாட்டில் டிராப், ஷவர் தரை ஜாலி. ஏசி ஓடும்போது மட்டும் என்றால் ஏசியின் வடிநீர்க் குழாய் அடைத்திருக்கிறது. வண்டி ஓடும்போது மட்டும் என்றால் தொட்டிக்குள் தண்ணீர் அலைந்து, காற்றுக் குழாய் வழியாகவோ மூடி ரப்பர் வழியாகவோ வெளியே வருகிறது. எதையும் தொடாமல் நிறுத்தி வைத்த வண்டியில் பம்பு இடைவெளி விட்டு இடைவெளி விட்டு ஓடினால் அழுத்தக் குழாயில் எங்கோ நீர் போகிறது. இல்லையென்றால் பம்பின் உள் வால்வு சரியாக அமராமல் நீர் தொட்டிக்கே திரும்புகிறது.

குளிர் நாட்டு வண்டிகளில் முதல் சந்தேகம் உறைபனி வெடிப்பின் மேல் விழும். மூணாறு பக்கம் ஜனவரியில் புல் வெளுக்கும் அளவுக்கு உறைபனி உண்டு. வண்டிக்குள் ஓடும் குழாயை வெடிக்க வைக்க அது போதாது. இந்தப் பகுதியில் அந்தச் சந்தேகத்தைத் தள்ளி வைத்துவிட்டு, அழுத்தத்தையும் அசைவையும் முன்னால் வைத்துப் பார்ப்பதே சரி.

அளந்தது

பேனலில் கை வைப்பதற்கு முன் இரண்டு சாமான்கள் மாட்டப்பட்டன. வெளியே கால் கழுவும் குழாயில் 0 முதல் 10 கிலோ வரை காட்டும் ஒரு பிரஷர் கேஜ். பம்பின் வெளிவாயில் ஓர் அரை இஞ்ச் பால் வால்வு. கட்டியவர்கள் அதை வைக்காமல் விட்டிருந்தார்கள். அது இல்லாத வண்டியில் பம்பையும் குழாயையும் பிரித்துச் சோதிக்க வழியே கிடையாது. எந்தக் கேரவன் பட்டறைக்கு வந்தாலும் முதலில் போட வேண்டிய பாகம் இது.

கீசர் முந்தைய நாளே அணைக்கப்பட்டு நன்றாக ஆறியிருந்தது. இதன் காரணம் கடைசியில் வரும். குழாய்கள் எல்லாம் மூடியாயிற்று. ஷவர் மிக்சரைத் தனியாகக் கவனிக்க வேண்டும்: மிக்சரைத் திறந்து வைத்துவிட்டுக் கைஷவர் முனையில் மட்டும் அடைத்திருந்தால், குளிர்நீரும் வெந்நீரும் உள்ளே கலந்துவிடும். அப்புறம் எந்தப் பக்கக் கசிவு என்று பிரிக்கவே முடியாது.

பம்பை ஓடவிட்டார்கள். 3 கிலோவில் நின்றது. முள் மெல்ல இறங்கியது. ஏறக்குறைய 20 நிமிடத்தில் 2 கிலோ; பம்பு ஒரு நொடிகூட முழுதாக ஓடாமல் மறுபடி 3-க்கு ஏற்றிவிட்டு நின்றது. டிரைவர் சொன்ன உறுமல் இதுதான். மூன்று முறை பார்த்தபோதும் 19-க்கும் 21-க்கும் இடையில்.

அடுத்து, ஓர் உறுமலுக்கு எவ்வளவு நீர் என்று தெரிய வேண்டும். 3 கிலோவில் நிற்கும்போது பம்பின் மின்சாரத்தைத் துண்டித்து, சிங்க் குழாயை மெல்லத் திறந்து, முள் 2-க்கு வரும்வரை அளவுக் குவளையில் பிடித்தார்கள். 60 மில்லி. இருபது நிமிடத்துக்கு 60 மில்லி என்றால் நிமிடத்துக்கு 3 மில்லி, அதாவது நொடிக்குச் சுமார் ஒரு சொட்டு, நாளுக்கு 4.3 லிட்டர். தொட்டியின் அடிப்பரப்பு 100-க்கு 45 சென்டிமீட்டர். நாளுக்கு நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர்கூட இறங்காது. தொட்டி அளவைக் காட்டும் நான்கு விளக்கில் ஒன்று அணைய 37 லிட்டர் போக வேண்டும். எட்டு மாதம் யாருக்கும் தெரியாமல் போனதற்கு இந்தக் கணக்கே காரணம்.

பம்பின் வெளிவாய் பால் வால்வை மூடினார்கள். பம்பு ஒரு மணி நேரம் சத்தமே போடவில்லை. கேஜ் முள் மட்டும் வழக்கம்போல இறங்கியது. பம்பின் மேல் பழி இல்லை. முதலில் மாற்றிய பழைய பம்பும் நல்ல பம்புதான். வெளித் தண்ணீர் வாயின் மூடியைத் திறந்து உள்ளே காகிதம் வைத்தார்கள். காகிதம் காய்ந்தே இருந்தது. ஆகவே அதன் என்ஆர்வியும் சரி.

பால் வால்வைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு கிளைக்கும் முன்னால் இருக்கும் அடைப்பு வால்வுகளான ஆங்கிள் காக்குகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். சிங்கின் குளிர்நீர்க் காக்கை மூடியதில் மாற்றமில்லை. ஹெல்த் ஃபாசெட்டின் காக்கை மூடியதும் 20 நிமிடம் ஏறக்குறைய 30 ஆனது. மூன்று மில்லியில் ஒரு மில்லி அங்கே போயிருக்கிறது: மூன்று நொடிக்கு ஒரு சொட்டு. எப்போதும் ஈரமாக இருக்கும் கழிவறைத் தரையில் அது யார் கண்ணுக்குத் தெரியும்? அதோடு கீசருக்குப் போகும் காக்கையும் மூடினார்கள். முள் 3-இல் நின்றது. ஒரு மணி நேரம் கழித்தும் 3.

குளிர்நீர்க் குழாய் முழுக்க இப்படி ஒரே அடியில் சந்தேகத்திலிருந்து விடுபட்டது. மிச்சம் நிமிடத்துக்கு 2 மில்லி. அது கீசரில், அதன் சேஃப்டி வால்வில், அல்லது வெந்நீர்க் குழாயில். இதுவரை ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றவில்லை. ஆனது சுமார் ஆறு மணி நேரம்.

கழிவுப் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. ஷவர் ஜாலியை அடைத்து இரண்டு சென்டிமீட்டர் நீர் நிறுத்தி, ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு அரை மணி விட்டார்கள், இறங்கவில்லை. சிங்கை நிரப்பித் துணிக்குப் போடும் நீலம் நாலு சொட்டு கலந்து ஒரேயடியாகத் திறந்துவிட்டபோது, பாட்டில் டிராப்பின் கீழ் நட்டில் லேசான நீலக் கறை. கையால் கால் சுற்று இறுக்கியதும் நின்றது. அந்தப் பிளாஸ்டிக் நட்டுக்கு ஸ்பானர் போடக் கூடாது, மரை அறுந்துவிடும்.

விரிசல்

கீசருக்குப் பின்னால் இருந்த பேனல் ஆறு ஸ்க்ரூவில் கழன்றது. சேஃப்டி வால்வின் வடிகுழாய் தரையைத் துளைத்து வெளியே போகிறது. அதன் முனையில் கட்டி வைத்த பாட்டிலில் சொட்டு இல்லை. கீசரின் உடம்பு காய்ந்திருந்தது. இணைப்புகள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடியைத் தூவினார்கள். பொடி வெள்ளையாகவே இருந்தால் அந்த இடம் சுத்தம். ஈரம் பட்டால் நொடியில் சாம்பல் நிறமாகிக் கோடு போட்டுக் காட்டும். விரலுக்குத் தெரியாத ஈரமும் இதில் தெரிந்துவிடும்.

வெந்நீர் வெளிவாயில் கோடு விழுந்தது. கீசரின் அரை இஞ்ச் இரும்பு முனையின் மேல் பிளாஸ்டிக் உள்மரை கொண்ட ஒரு சிபிவிசி இணைப்பு (எஃப்டிஏ) திருகப்பட்டிருந்தது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், அதன் வாய் விளிம்பிலிருந்து நீளவாக்கில் 11 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை. அதன் நுனியில் கடுகளவு நீர் திரண்டு, உருண்டு, குழாயின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தது. தரையில் நேரே ஒரு சொட்டும் விழவில்லை. குழாயின் அடியிலேயே ஊர்ந்து, 40 சென்டிமீட்டர் தள்ளி இருந்த முதல் கிளிப்பில் தேங்கி, அங்கிருந்து சுவரோரமாக இறங்கி, வினைலுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் நுழைந்துகொண்டது.

அங்கிருந்து படிக்கட்டு 2.4 மீட்டர் முன்னால். போடியில் வண்டி நிற்கும் இடம் சரிவு, முன்பக்கம் தாழ்வு. வினைலின் அடியில் நீருக்கு அது ஒரு வாய்க்கால். பின்பக்கத்தைத் தாழ்வாகத் திருப்பி இரண்டு நாள் நிறுத்தினார்கள். படிக்கட்டு காயத் தொடங்கியது. பின் படுக்கை ஓரம் நனைந்தது. மலை வண்டியில் ஈரம் கண்ட இடம் நிறுத்திய சரிவைத்தான் சொல்லும், ஓட்டையைச் சொல்லாது. முன்பு பார்த்தவர்கள் இந்த ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தால் கதவு ரப்பருக்கும் சிலிக்கானுக்கும் போன பணம் மிஞ்சியிருக்கும்.

ஏன் விண்டது

விரிசல் ஓடிய திசையைப் பார்க்க வேண்டும். அசைவில் தளர்ந்து உடைந்த பிளாஸ்டிக் இணைப்பு பெரும்பாலும் மரையின் கடைசிச் சுற்றை ஒட்டி, வளையல் போல வட்டமாக உடையும். வாயிலிருந்து நீளவாக்கில் பிளந்தால் உள்ளிருந்து எதுவோ ஆப்பு வைத்து விரித்திருக்கிறது. கழற்றிப் பார்த்தபோது அந்த ஆப்பு கையில் வந்தது: இரும்பு முனையில் டெஃப்லான் டேப் இருபது சுற்றுக்கு மேல், பம்பரத்துக்குக் கயிறு சுற்றிய மாதிரி. இரும்பு வெளிமரையின் மேல் பிளாஸ்டிக் உள்மரையைத் திருகுவதே ஆகாது. குழாய் மரை போகப் போகப் பருக்கும். டேப் அதை இன்னும் பருக்க வைக்கும். ஸ்பானரின் கடைசி அரைச் சுற்றில் பிளாஸ்டிக் வாய் எப்போதும் விரிந்த நிலையிலேயே நிற்கும். அன்றைக்கே உடையாது. சூடும் அழுத்தமும் அதை நாளாவட்டத்தில் பிளக்கும்.

சூட்டின் பங்கு இரண்டு வகை. ஒன்று நீளம். 2.6 மீட்டர் சிபிவிசி குழாயில் 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்கு வெந்நீர் ஓடினால் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இங்கே கிளிப்புகள் எல்லாம் இறுகப் பிடித்திருந்தன. நீள இடமில்லாத குழாய் அந்த எஃப்டிஏயைத்தான் தள்ளும்.

மற்றது அழுத்தம். 10 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடாக்கினால் சுமார் 200 மில்லி கூடும். வீட்டில் கீசருக்கு வரும் குழாயில் என்ஆர்வி இல்லாவிட்டால் அது மாடித் தொட்டிப் பக்கம் பின்வாங்கிவிடும். இந்த வண்டியில் கீசர் நுழைவாயிலிலேயே சேஃப்டி வால்வோடு சேர்ந்த என்ஆர்வி உண்டு. 200 மில்லிக்குப் போக்கிடமில்லை. சேஃப்டி வால்வு திறக்கும்வரை வெந்நீர்ப் பக்கத்தில் அழுத்தம் ஏறும். கீசரில் 8 பார் என்று ஒட்டியிருந்தது. கிலோவில் அது எட்டுக்குக் கொஞ்சம் மேல். ஒவ்வொரு முறை தண்ணீர் காய வைக்கும்போதும், பம்பு கொடுக்கும் 3 கிலோவுக்கு மேல் எவ்வளவோ ஏறிய அழுத்தம் ஏற்கெனவே விரிந்து நின்ற அந்தப் பிளாஸ்டிக் வாயின் மேல். குழாயின் மேல் குற்றமில்லை. எஸ்டிஆர் 11 என்ற சுவர்த்தடிப்பு ரகச் சிபிவிசி 82 டிகிரியிலும் 100 பிஎஸ்ஐ, அதாவது 7 கிலோவை, வருடக்கணக்கில் தாங்கும். அதில் மாட்டிய உள்மரைதான் தாங்கவில்லை.

இதற்கும் மேல் ஒன்று இருந்தது. வண்டி அடிக்கடி தங்கும் முகாம் பூப்பாறைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்துக்குள். தண்ணீர் மேட்டிலிருக்கும் ஊற்றுத் தொட்டியிலிருந்து கறுப்புக் குழாயில் வருகிறது, மோட்டாரே தேவையில்லை. வண்டியின் வெளிவாயில் அதை நேரடியாக மாட்டிவிடுவார்கள். கேஜை அந்த முகாமுக்கு எடுத்துப் போய்க் குழாயில் மாட்டிப் பார்த்தார்கள். பகலில் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், ஆட்கள் தண்ணீர் பிடிக்கும்போது 4, 4.5. இரவு பதினொரு மணிக்கு எல்லாக் குழாயும் மூடிய பிறகு 6.4. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ என்பது மாறாத கணக்கு. தொட்டி வண்டியைவிட 64 மீட்டர் மேலே இருக்கிறது. 3 கிலோவுக்குக் கட்டிய வண்டி இரவெல்லாம் அதைச் சுமந்திருக்கிறது. ஹெல்த் ஃபாசெட்டின் ரப்பர் சீட்டைத் தின்றதும் இதுவே. விசையை விட்டால் தண்ணீர் நின்றுவிடுகிறது என்று காக்கைத் திறந்தே வைத்திருப்பது நம் ஊர் வழக்கம். திறந்து வைத்தால் அந்த மெல்லிய ஹோஸும் சின்ன ரப்பரும் முழு அழுத்தத்தையும் இரவும் பகலும் தாங்கியாக வேண்டும்.

இடுக்கி, வால்பாறை, நீலகிரி எங்கே போனாலும் பெரும்பாலும் மேட்டுத் தொட்டித் தண்ணீர்தான். கண்ணுக்கு அது ஓடைத் தண்ணீர். குழாய்க்கு அது ஒரு பெரிய பம்பு. கேஜ் வைத்துப் பார்க்காமல் எந்த மலை முகாமிலும் வண்டியை மாட்டக் கூடாது.

செய்த பழுது

கீசரின் வெளிவாயில் இனி பிளாஸ்டிக் மரை இல்லை. எஃப்டிஏயோடு 15 சென்டிமீட்டர் குழாயும் வெட்டி எடுக்கப்பட்டது. அந்த இடத்தில் 18 இஞ்ச் எஃகு வலை போட்ட கனெக்‌ஷன் ஹோஸ் ஒன்று. வெந்நீர் தாங்கும் ரகம் என்று கேட்டு வாங்க வேண்டும். மலிவு ரகத்தின் உள்குழாய் சூட்டில் விறைத்து வெடிக்கும். ஹோஸின் ஒரு நட்டு கீசர் முனையில், மற்றது சிபிவிசியில் ஒட்டிய, பித்தளை வெளிமரை கொண்ட இணைப்பில் (எம்டிஏ). அந்த எம்டிஏ கீசர் தொங்கும் அதே தடுப்புப் பலகையில் கிளாம்ப் போட்டு நிறுத்தப்பட்டது. ஹோஸ் நட்டை அடைப்பது உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர். அங்கே டெஃப்லான் சுற்றக் கூடாது: டேப் நட்டை முழுசாக ஏற விடாமல் தடுக்கும், வாஷர் அமராது, கசியும். கையால் முட்டும்வரை திருகி, ஸ்பானரில் கால் சுற்று. ஹோஸ் இழுத்துக் கட்டியது போல் நிற்காமல் லேசான வளைவோடு நிற்க வேண்டும். மலை வளைவுகளில் கீசரும் சுவரும் தனித்தனியாக ஆடும் ஆட்டத்தை அந்த வளைவு வாங்கிக்கொள்ளும்.

சிபிவிசி ஒட்டும்போது குழாயை நேராக வெட்டி, பிசிறு சீவி, உள்ளும் புறமும் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். குழாய்க்குள் எங்கோ தேங்கிய சொட்டு நீர் வந்து ஒட்டைக் கெடுப்பது வண்டிகளில் அடிக்கடி நடக்கும். அதனால் வெந்நீர்க் குழாயின் தாழ்ந்த முனையைத் திறந்து வடித்து, ஊதிவிட்டு ஒட்டினார்கள். பசை சிபிவிசிக்கு உரியது. குளிர்நீர்க் குழாய்க்கான யுபிவிசி பசை வெந்நீரில் விட்டுவிடும். கால் சுற்றுத் திருப்பிச் செருகி அரை நிமிடம் பிடித்து, ஓர் இரவு விட்ட பிறகே தண்ணீர். கிளிப்புகள் எல்லாம் ரப்பர் வைத்தவையாக மாற்றப்பட்டன; 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஏழு. குழாய் ஆடக் கூடாது, ஆனால் நீளவாக்கில் வழுக்க வேண்டும். சிங்க் முனையிலும் இரும்போடு சேர்ந்த இன்னொரு பிளாஸ்டிக் எஃப்டிஏ இருந்தது. அது விரியவில்லை. ஆனாலும் எடுத்துவிட்டுப் பித்தளை மரை வைத்ததைப் போட்டார்கள். ஒன்று விண்ட வண்டியில் அதே கை போட்ட மற்றதை நம்புவது சரியில்லை.

கீசருக்கும் சேஃப்டி வால்வுக்கும் நடுவில் ஒரு பித்தளை டீ போட்டு, ஒரு லிட்டர் எக்ஸ்பான்ஷன் டேங்க் மாட்டப்பட்டது. உள்காற்று 3 கிலோ. காய்ந்து பெருகும் 200 மில்லி இனி அதற்குள் போகும். கணக்குப்படி அழுத்தம் 4 கிலோவை ஒட்டி நின்றுவிடும். கீசருக்கும் சேஃப்டி வால்வுக்கும் இடையில் எந்தக் காக்கும் வரக் கூடாது. யாராவது மூடிவிட்டால் கீசர் வெடிகுண்டாகும். டேங்கைப் பம்பு பக்கத்தில் போட்டால் பம்பின் உறுமல் குறையும், கீசரின் பிரச்சினை தீராது. என்ஆர்வி நடுவில் நிற்கிறது. பம்பு பக்கத்து டேங்குக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. சின்னக் கசிவு இருந்தால் 20 நிமிட உறுமலை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குத் தள்ளி, கசிவை மூடி மறைத்துவிடும். போடுவதென்றால் கசிவெல்லாம் தீர்ந்த பின் போடலாம்.

வெளித் தண்ணீர் வாயில், உள்ளே வரும் அழுத்தத்தைக் குறைக்க அரை இஞ்ச் பித்தளைப் பிரஷர் ரெடியூசிங் வால்வு, முன்னால் வடிகட்டி. அமைத்த அழுத்தம் 2.5 கிலோ. ஊற்றுத் தண்ணீரில் வரும் மணல் வால்வின் சீட்டில் உட்கார்ந்தால் அது முழுசாக மூடாது; இரவில் மறுபடி 6 கிலோ உள்ளே வந்துவிடும். வடிகட்டியை மாதம் ஒரு முறை கழுவ வேண்டும். ஹெல்த் ஃபாசெட் ஹோஸோடு புதிது.

தரை

வினைலைப் படிக்கட்டிலிருந்து பின்னோக்கி 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு உரித்தார்கள். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஈரம் அளக்கும் ஊசி மீட்டர் வைத்தபோது கீசர் அடியில் 31 சதவீதம், நடுவில் 26, படிக்கட்டில் 34. இருபதுக்கு மேல் போனால் மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு வசதி. படிக்கட்டு அருகே 40-க்கு 30 சென்டிமீட்டர் துண்டு அடுக்கு அடுக்காகப் பிரிந்திருந்தது. அதை வெட்டி எடுத்து ஐஎஸ் 710 மரைன் பிளைவுட் போட்டு, நான்கு ஓரத்திலும் ஸ்க்ரூ ஓட்டைகளிலும் எபாக்சி ரெசின் பூசப்பட்டது. மற்ற பகுதி காய 11 நாள், இரண்டு ஃபேன், கதவு திறந்தபடி, போடி வெயில். ஹீட் கன் பிடிக்க ஒருவர் சொன்னார். வேண்டாம் என்று விட்டார்கள். மேல் அடுக்கு காய்ந்து சுருங்கும், நடு அடுக்கில் ஈரம் அடைபடும்.

வினைலை உடனே ஒட்டவில்லை. மலை ஏறி இறங்கி ஒரு பயணம் முடியும்வரை தரை கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பயணத்தில் வந்த சந்தேகம்

அதே பூப்பாறை முகாம். இந்த முறை வெளித் தண்ணீரை மாட்டாமல் தொட்டியில் ஓடினார்கள். இரவு ஒன்பதுக்குக் கீசர் போட்டு, எல்லோரும் குளித்து முடித்து, தண்ணீர் மறுபடி 70 டிகிரிக்குக் காய்ந்த பின் கடைசியாக ஒருவர் கை கழுவினார், கீசரை அணைத்தார்கள். நள்ளிரவில் பம்பு ஒரு முறை உறுமியது. விடியுமுன் இன்னொரு முறை. காலையில் டிரைவர் போனில் கூப்பிட்டார்: “அண்ணே, மறுபடியும் உறுமுது.”

தரை காய்ந்திருந்தது. கேஜ் 2.6.

இது கசிவு இல்லை. கை கழுவியபோது எக்ஸ்பான்ஷன் டேங்கில் ஏறியிருந்த நீர் வெளியேறி, குழாய் முழுக்கப் பம்பின் அழுத்தத்துக்கு வந்துவிட்டது. அதன்பின் 10 லிட்டர் வெந்நீர் இரவுக் குளிரில் 70 டிகிரியிலிருந்து 45-க்கு ஆறினால் 120 மில்லிக்கு மேல் சுருங்கும். அந்த இடத்தை நிரப்பப் பம்பு நீர் தள்ளும். ஓர் உறுமலுக்கு 60 மில்லி, இரண்டு உறுமல். கசிவுக்கும் இதற்கும் வித்தியாசம் இடைவெளியில் தெரியும். கசிவு ஒரே இடைவெளியில் விடியும்வரை உறுமும். ஆறும் கீசர் முதலில் நெருக்கமாக, பிறகு தள்ளித் தள்ளி, கடைசியில் ஓய்ந்துவிடும். கசிவுச் சோதனைக்கு முன் கீசரை ஒரு நாள் அணைத்து வைக்கச் சொல்வது இதனால்தான்.

மறுநாள் கீசரைத் தொடவே இல்லை. இரவு பத்து மணிக்கு கேஜ் 3.0. காலை ஆறுக்கு 2.9. பம்பு ஒரு முறைகூட ஓடவில்லை. இறங்கும் வழியில் போடிமெட்டு வளைவுகள் முடிந்ததும் பேனலைத் திறந்து, ஹோஸ் நட்டுகள் இரண்டிலும் சாக்பீஸ் பொடி தூவிப் பார்த்தார்கள், வெள்ளையாகவே இருந்தது. தரையில் மீட்டர் 14 காட்டியது. அன்று மாலை வினைலை ஒட்டினார்கள். கேஜை மட்டும் கழற்றவில்லை. கால் கழுவும் குழாயில் ஒரு டீ போட்டு அங்கேயே விட்டார்கள்.